இன்னும் எரிகிற விளக்கு

வா மகளே, பக்கத்தில் வந்து உட்கார். அந்த ஜன்னலோர நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். காப்பி இப்போதுதான் இறக்கினேன். எலுமிச்சை கேக் துண்டு ஒன்று எடுத்துக்கொள். நேற்றுச் சுட்டது, இரண்டாம் நாள்தான் அதற்கு ருசி கூடும். நீ கேட்க வந்ததை ஒரு கதை மாதிரி, தலையிலிருந்து வால் வரை சொல்லிவிடுகிறேன். உன் ஒலிப்பதிவுக் கருவியை மேசை மேலேயே வைத்துக்கொள், பைக்குள் இருக்க வேண்டாம். இந்த வீட்டில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

வாசலில் சேற்றுப் பூட்ஸைக் கழற்றும்போது, உன் மகனும் ஒரு தாடி ஓணான் வளர்க்கிறான் என்று சொன்னாய். கிழவியின் வாயைத் திறக்கச் சொன்ன பேச்சோ என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் உன் மணிக்கட்டைப் பார்த்தேன். பூனைக் கீறல் நீளமாக இருக்கும். ஓணான் ஏறி இறங்கிய தடம் பொடிப்பொடியாக, பிரித்த தையல் மாதிரி இருக்கும். உன் கையில் இருப்பது ஓணான் தடம். ஆகவே நீ உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாய். நானும் அதையே செய்யப் போகிறேன்.

ஓணான் வளர்ப்பதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், காய்ந்த மணல் நிறம், கோபம் வந்தால் கறுத்துப் புடைக்கும் ஒரு தாடி. நாய் மாதிரி குரைக்காது, பூனை மாதிரி வீட்டை விட்டுப் போகாது. கண்ணாடித் தொட்டியில் கல்லின் மேல் படுத்தபடி, நாம் அடுக்களையில் செய்வதையெல்லாம் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அது ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பிறவி. இங்கே டுலூத்தில், ஏரி மேலிருந்து காற்று திரும்பினால் மே மாதத்திலும் ஸ்வெட்டர் தேடுகிறோம். இந்த ஊரில் அது உயிரோடு இருப்பதற்கு நாம் தருகிற விளக்கைத் தவிர வேறு நியாயம் கிடையாது.

இரண்டு விளக்கு வேண்டும். ஒன்று சூட்டுக்கு. இன்னொன்று நீளமான யு.வி. டியூப், வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கு இருக்கிறதே, அதைத் தருவது. அந்தப் பங்கு கிடைக்காவிட்டால் எவ்வளவு தீனி போட்டாலும் எலும்பில் சேராது. முதலில் விரல் நடுங்கும். பிறகு தாடை இளகும். பிறகு கால் வளையும். கடைக்காரன் இதை உன் மகனுக்குச் சொல்லியிருப்பான். அந்த டியூப் ஒரு வருஷம் ஆகுமுன்பே செத்துவிடும் என்பதைச் சொன்னானோ என்னவோ. செத்த பிறகும் அது எரிந்துகொண்டே இருக்கும். நமக்கான வெளிச்சம் அப்படியே இருக்கும், ஓணானுக்கான வெளிச்சம் போயிருக்கும். புதியது எவ்வளவு பளிச்சென்று எரியுமோ, செத்ததும் அவ்வளவு பளிச்சென்று எரியும். கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு சோதனை. நாங்கள் எரிகிற விளக்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் இல்லை. என் கணவர் ஆரின் வளைந்த ஆணியைக்கூடத் தட்டி நிமிர்த்திக் காப்பி டப்பாவில் போட்டு வைப்பார். நான் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் கொடியில் காயப்போடுவேன். அப்படித்தான் கழற்றிய டியூப்களும் கீழ்த்தளத்து அலமாரியில் சேர்ந்தன. எது புதிது, எது பழையது என்று குழம்பக் கூடாதே. அதனால் ஒவ்வொரு டியூபையும் மாட்டும்போது அதன் ஓரத்து உலோக மூடியில் என் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பேன், பருவத்துக்கு ஒரு நிறமாக. இளஞ்சிவப்பு, ஊதா, வெள்ளி. போன வருஷத்து வசந்தத்துக்குப் பவழ நிறம். அது எனக்கு மிகவும் பிடித்த நிறம்.

ஆரின் போன பிறகுதான் இந்தப் பிராணிகளிடம் வந்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் நான். எத்தனையோ தட்டுகளை நீட்டிய கை, திடீரென்று ஒரே ஒரு தட்டை நீட்டப் பழக வேண்டியிருந்தது. சனிக்கிழமை காலையில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஓணான்காரர்கள் கூடுவோம். அவரவர் ஓணானைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வருவார்கள். காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி நின்று, எது எதைத் தின்றது, எது எப்போது தோலுரித்தது என்று பேசுவோம். நாளாக ஆக, நோய்ப்பட்ட ஓணானை என்னிடம் கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. பின்னால் கண்ணாடி போட்ட வெயில் அறையில் ஒரு வரிசைத் தொட்டிகள் பார்த்தாய் அல்லவா, அவை எல்லாம் அப்படி வந்தவைதான். நடுங்கிக்கொண்டு வந்தன. இன்றைக்குப் பூசணித் துண்டைக் கையிலிருந்து வாங்கித் தின்கின்றன.

கூட்டத்தில் டுவேன் என்று ஒருவன் உண்டு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், வாய் சும்மா இருக்காது. "ஆர்லிஸக்கா கை பட்டா செத்த ஓணான்கூட எந்திரிச்சு உக்காந்து, சர்க்கரை கம்மியா ஒரு காப்பி குடுங்கன்னு கேக்கும்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு மனுஷி பெரிதாக ஆசைப்படாமல் இருந்தால், அந்த அளவு சிரிப்பு ஒரு வாரத்துக்குப் போதும்.

இனி மாரிட் கதைக்கு வருகிறேன். அதற்குத்தானே வந்தாய்.

மாரிட் காங்காஸ் என்பது முழுப் பெயர். முதியோர் இல்லம் ஒன்றில் இரவு முறைப் பணிப்பெண். போன இலையுதிர் காலத்தில் அவள் அக்கா நோயில் இறந்துபோனாள். அக்காவுக்கு ஒரே பெண், ஜூனி, இரண்டாம் வகுப்பு. உங்கள் குழந்தைகள் நல அலுவலகம் ஜூனியைத் தற்காலிகமாகப் பக்கத்து ஊர் க்ளோகெட்டில் ஒரு குடும்பத்தில் விட்டது. மாரிட் அவளைத் தன்னோடு வைத்து வளர்க்க மனுச் செய்திருந்தாள்; நீங்கள் விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தற்காலிக வீட்டில் பிராணி கூடாது என்றார்கள். ஆகவே குழந்தைக்கு முன்னால் குழந்தையின் ஓணான் மாரிட்டிடம் வந்து சேர்ந்தது. அதன் பெயர் பிஸ்கட். ஞாயிறுதோறும் ஜூனி போனில் முகம் காட்டுவாள், மாரிட் பிஸ்கட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். அம்மா இருந்த வீட்டிலிருந்து அந்தப் பிள்ளைக்கு உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான்.

முதல் சனிக்கிழமை மாரிட் வந்த கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் உருகுகிறது. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். கண் சிவந்து, ஒரு துண்டில் பிஸ்கட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"ஆர்லிஸம்மா நீங்கதானே? இது சாப்பிடுதா, மொறைக்குதா, ஒண்ணும் புரியல. காலைல எந்திரிச்சா மாமியார் மாதிரி பாக்குது."

"அது பாக்கல தாயி, எடை போடுது," என்றான் டுவேன். "நீ அது வாய்க்குள்ள போவியா மாட்டியான்னு."

"போனாத்தான் என்ன, தூங்கவாச்சும் செய்யலாம்" என்றாள் மாரிட். கூட்டமே சிரித்தது.

நான் பிஸ்கட்டை வாங்கி என் கையில் வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு முன்கை ஒன்றை மெல்லத் தூக்கி, வட்டமாக அசைத்தான். "ஐயோ, உங்களுக்கு டாட்டா காட்டுறான்மா" என்றாள் மாரிட். ஆமாம், என்னைப் பிடித்துவிட்டது என்றேன். டுவேன் மட்டும், "அது டாட்டா இல்லம்மா. நான் சின்னவன், என்னை ஒண்ணும் பண்ணிடாதேன்னு பெரியதுகிட்ட கும்பிடுறது" என்றான். அவன் எதையும் இப்படித்தான் கெடுத்துப் பேசுவான்.

அதற்குப் பிறகு மாரிட் சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் என்னோடு இங்கே வர ஆரம்பித்தாள். அந்த மூலையில் இருக்கிறதே, ஆரினின் நாற்காலி, அதில் கேட்காமல் உட்கார்ந்தாள். அவர் போன பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. பிஸ்கட் அவள் மடியில் கிடப்பான். நான் காலர்ட் கீரையைப் பொடியாக நறுக்கக் கற்றுக் கொடுத்தேன், சிள்வண்டைக் கால்சியம் பொடியில் புரட்டக் கற்றுக் கொடுத்தேன். பேசிக்கொண்டே இருப்பாள், பாதிப் பேச்சில் தூங்கிவிடுவாள். நான் அவள் கையிலிருந்து கோப்பையை எடுத்து வைப்பேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பது உன் காகிதங்களில் இருக்கும்.

பிஸ்கட்டின் தொட்டியில் இருந்த டியூப் அக்கா காலத்தது. மாற்ற வேண்டும் என்றேன். கடைக்குப் போகிறேன் என்றாள். "கடைக்கெல்லாம் எதுக்கு? நான் தர்றேன்" என்றேன். என்னிடம் அப்போதுதான் ஒரு புது டியூப் வந்திருந்தது. அதை எடுத்து என் தொட்டியில் மாட்டினேன். என் தொட்டியில் அதுவரை எரிந்ததைக் கழற்றி, அந்தப் புதுப் பெட்டியில் வைத்து மாரிட்டுக்குக் கொடுத்தேன். அது பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது. ஓரத்து மூடியில் பவழப் பொட்டு இருந்ததா, பார்க்க அசிங்கமாக இருக்குமே என்று அதன் மேல் வெள்ளை டேப் ஒன்றைச் சுற்றிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் போன் வந்தது. "அம்மா, அவன் விரலு நடுங்குது. நிக்க மாட்டேங்குறான். நாளைக்கு ஜூனிக்குக் காட்டணும். நான் என்ன பண்ணட்டும்?"

கொண்டு வா என்றேன். வெயில் அறையில் படுக்க வைத்தேன், கால்சியம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக உதட்டோரம் விட்டேன். என் விளக்கின் கீழே அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தூக்கினான். தூக்கிய அன்று மாரிட் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நனைந்த கம்பளியின் வாசனையும் முதியோர் இல்லத்துச் சோப்பு வாசனையும் கலந்து இருந்தன. பிஸ்கட்டை வீட்டுக்கு அனுப்பினேன். சில வாரத்தில் மறுபடி படுத்துவிட்டான். மறுபடி வந்தான், மறுபடி தேறினான்.

"நான் எங்கதாம்மா தப்பு பண்றேன்? நீங்க சொன்னதெல்லாம் செய்யறேனே."

"தப்புன்னு இல்ல கண்ணு. சில பேருக்குக் கைராசி அமையாது, அவ்வளவுதான்."

கால்நடை மருத்துவரிடமும் போனாள். விளக்கு புதிதா என்று அவர் முதல் கேள்வியாகக் கேட்டாராம். புதுசுதான் டாக்டர், ஆர்லிஸம்மா தந்தது என்றாளாம். அப்படியென்றால் விளக்கில் குறை இருக்காது என்று அவர் வேறு காரணம் தேடப் போய்விட்டார். மனிதர்கள் என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை என்னை எப்போதுமே தலைகுனிய வைக்கும்.

கூட்டத்தில் பேச்சு வேறு மாதிரி திரும்பியது. மாரிட் பொடி போட மறக்கிறாள் என்றாள் ஒருத்தி. பகலெல்லாம் தூங்குகிறாளே, யார் பார்ப்பது என்றாள் இன்னொருத்தி. மாரிட் படியில் இறங்கி வந்தால் பேச்சு நின்றுவிடும். நான் யாரையும் தூண்டவில்லை. யாராவது என் முகத்தைப் பார்த்தால் பெருமூச்சு விடுவேன், அவ்வளவுதான். டுவேன் மட்டும் மாரிட்டைப் பார்க்கவில்லை. காப்பிப் பாத்திரத்தைக் கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எல்லா ஓணானும் உங்க வீட்லதான் தேறுது. அதது வீட்டுக்குப் போனா படுத்துக்குது. அது ஏன்?"

"மனசு வெச்சுப் பாத்துக்கணும் டுவேன்."

"ம்... மனசு" என்றான், கையிலிருந்த பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே. ஒரு பாத்திரத்தைத் துடைக்க அவ்வளவு நேரம் தேவைப்படாது.

ஜனவரியில் உன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மாரிட்டின் வீட்டைப் பார்க்க வந்தாள். உனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவள். வீடு சுத்தமாக இருந்தது, ஜூனிக்கென்று அறை தயாராக இருந்தது, மஞ்சள் திரைச்சீலை மாரிட்டே தைத்தது. அந்த அறையில் குழந்தைக்காக வைத்திருந்த தொட்டியில் பிஸ்கட் தலை தூக்க முடியாமல் கிடந்தான். இது எப்படி ஆயிற்று என்று கேட்டாளாம். மாரிட் சொன்னாளாம்: "எனக்கே தெரியல மேடம். ஆர்லிஸம்மாவைக் கேளுங்க, அவங்களுக்கு என்னைப் பத்தி எல்லாம் தெரியும். எனக்குத் தாய் மாதிரி." என் போன் எண்ணை அவளே கொடுத்தாள்.

அந்தப் பெண் போனில் பேசினாள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அதை நீ பதிவு செய்துகொள்ள வேண்டும்.

"மாரிட் எப்படிப்பட்டவங்க?"

"தங்கமான பொண்ணு."

"குழந்தையைப் பாத்துக்குவாங்களா?"

"அன்புக்குக் குறைச்சலே கிடையாதும்மா. ராத்திரி வேலை, பாவம், அசதியில சிலது விட்டுப்போகும். அந்த ஓணானை எத்தனை தடவை நான் தேத்தி அனுப்பினேன்னு எனக்கே நினைவில்ல. அதனால என்ன, குழந்தை வந்தாலும் நான் பக்கத்துல இருப்பேன்ல."

"நீங்க இல்லைன்னா?"

"அதை நான் என் வாயால எப்படிம்மா சொல்றது?"

இவ்வளவுதான் பேசினேன். இதில் எந்த வாக்கியம் தப்பு என்று நீ சொல். மாரிட் தங்கம்தான். அசதி உண்மைதான். ஓணானைத் தேற்றியது நான்தான்.

பிப்ரவரியில் ஜூனியைத் தொலைவில் ராச்செஸ்டரில் ஒரு குடும்பத்துக்கு அனுப்பினீர்கள். நல்ல குடும்பம், நிரந்தரமாகவே வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்று கேள்வி. செய்தி தெரிந்த அன்று மாரிட் நேராக இங்கே வந்தாள். பிஸ்கட்டைக் கோட்டுக்குள் வைத்திருந்தாள். ஆரினின் நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர்.

"இவனை நீங்களே வெச்சுக்கங்கம்மா. எனக்கு யோக்கியதை இல்ல. ஒரு ஓணானைப் பாத்துக்கத் தெரியல, என்னை நம்பி ஒரு கொழந்தையக் குடுப்பாங்களா? அவங்க செஞ்சது சரிதான்."

"அப்படிச் சொல்லாதே கண்ணு."

"ஜூனிகிட்ட யாரு சொல்றது? பிஸ்கட் எங்கன்னு கேப்பாளே."

நான் இறைச்சியின் மேல் உருளைக்கிழங்கு உருண்டைகள் அடுக்கி அடுப்பில் சுடும் ஹாட் டிஷ் செய்தேன். இரவு வேலைக்கு லீவு சொல்லச் சொன்னேன். அவள் என் வீட்டில் முதல் முறையாக இரவு உணவு சாப்பிட்டாள். தட்டைத் திரும்ப நீட்டினாள், நான் மறுபடி பரிமாறினேன். அவள் முகம் வீங்கியிருந்தது. அடுப்புச் சூடு, வெளியே பனி, வெயில் அறையில் விளக்குகள் வரிசையாக எரிகின்றன. ஆரின் போன பிறகு எனக்குக் கிடைத்த நல்ல மாலை அதுதான் என்று சொன்னால் நீ தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன்.

நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டாய். ஆறிப்போயிருக்கும், இரு, சூடாக ஊற்றுகிறேன்.

கதையில் ஒரு இடத்தில் முன்னுக்குப் பின்னாகச் சொல்லிவிட்டேன். வயதானால் அப்படித்தான். அந்த டியூபைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு நடந்தது. மாரிட் இதோ இந்த மேசையில், பிஸ்கட்டுக்குக் கீரை ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "ஜூனி வந்துட்டா சனிக்கிழமை அவளை ஸ்கேட்டிங் கிளாஸ்ல சேக்கணும்மா. பிஸ்கட் அவ ரூம்லயே இருப்பான். அப்புறம் உங்களுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இருக்காது." சிரித்துக்கொண்டே, எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் சொன்னாள். தொந்தரவு என்று நான் எப்போதாவது சொன்னேனா? அன்றைக்குத்தான் கடைக்குப் போக வேண்டாம் என்றேன். அன்றைக்குத்தான் கீழ்த்தளத்துக்குப் போய் வெள்ளை டேப்பைத் தேடினேன்.

பிப்ரவரிக்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். டுவேன்தானே உங்கள் அலுவலகத்துக்கு மாரிட்டை அழைத்து வந்தது. ஏப்ரலில் அவன் ஒரு கருவி வாங்கினான், உள்ளங்கை அளவு, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அளப்பது. எல்லாரும் அவரவர் டியூபைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள் என்றான். "உங்க வீட்டுச் சூரியன் உயிரோட இருக்கா, காலமாயிட்டாரான்னு பாத்துருவோம். காலமாயிருந்தா காப்பி என் செலவு." ஒரே கேலியாக இருந்தது. மாரிட் தன்னுடையதையும் கொண்டு வந்திருந்தாள். அவளுக்குத்தான் ஓணான் இல்லையே, புதிதாகச் சேர்ந்த யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று. "கிட்டத்தட்ட புதுசுதான்" என்றாள்.

டுவேன் அதை எரியவிட்டான். அறையிலேயே அதுதான் பளிச்சென்று எரிந்தது. கருவியைப் பிடித்தான், தட்டிப் பார்த்தான், மறுபடி பிடித்தான். பூஜ்யம். அவன் கேலி நின்றது. டியூபைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் இருந்த வெள்ளை டேப்பை நகத்தால் மெதுவாக உரித்தான்.

"ஆர்லிஸக்கா, இந்தக் கலரை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

என் கைகள் மேசை மேல் இருந்தன. அன்று காலையில்தான் நகங்களுக்குப் பவழப் பூச்சுப் பூசியிருந்தேன். வசந்தம் வந்ததும் அந்த நிறம் இல்லாமல் எனக்குச் சரிப்படாது. எல்லாரும் டியூபைப் பார்த்தார்கள், பிறகு என் விரல்களைப் பார்த்தார்கள். கையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் அது தப்புச் செய்தவர்கள் செய்வது.

மாரிட் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "அம்மா?"

கேள்வியாகத்தான் சொன்னாள். நான் பதில் சொல்வதற்குள் படியேறிப் போய்விட்டாள். என் வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது, நானே கொடுத்தது. நான் வந்து சேர்ந்தபோது பிஸ்கட்டின் தொட்டி திறந்து கிடந்தது. சாவி கல்லின் மேல் இருந்தது, அவன் வழக்கமாகப் படுக்கிற இடத்தில்.

மற்ற ஓணான்களைப் பற்றிக் கேட்கப் போகிறாய், அதற்காகத்தான் வெயில் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாய். சரி, கேள். முதலாவது உண்மையிலேயே தெரியாமல் நடந்தது. இல்ஸே என்று ஒரு கிழவி, தெருக்கோடியில். எரிகிறதே என்று ஒரு பழைய டியூபைக் கொடுத்தேன், அவள் ஓணான் படுத்துவிட்டது. தேற்றுகிறேன் என்று எடுத்து வந்தேன். அதைப் பார்க்க இல்ஸே சாகும் வரைக்கும் வாரம் தவறாமல் வந்தாள். கையில் ஏதாவது பலகாரம் இருக்கும். அப்போதுதான் தெரிந்துகொண்டேன், ஜனங்கள் சுகமாக இருக்கும்போது யார் வீட்டுக்கும் வருவதில்லை என்று. பிறகு வந்தவற்றில் எது தெரியாமல், எது தெரிந்து என்று பிரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் டியூப் என் அலமாரியிலிருந்து போனது. அப்படியே எழுதிக்கொள். ஆனால் எல்லாமே இன்று தேறி, சுகமாக இருக்கின்றன என்பதையும் சேர்த்து எழுது.

இதையெல்லாம் நான் மறுத்திருக்கலாம். ஒரு டேப்பும் ஒரு நகப்பூச்சும், இதை வைத்து ஒரு கிழவியை யார் என்ன செய்துவிட முடியும்? மறதி என்று சொல்லியிருந்தால் பாதிக் கூட்டம் நம்பியிருக்கும். ஆனால் நான் சொன்னால்தான் ஜூனி மாரிட்டிடம் வந்து சேர்வாள் என்று நீ போனில் சொன்னாய். ஆகவே உன் கருவிக்குக் கேட்கும்படி சொல்கிறேன். அந்த டியூப் செத்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். மாரிட் ஒரு நாளும் பொடி போட மறக்கவில்லை, ஒரு நாளும் தீனி போட மறக்கவில்லை. அவள் கையில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொண்டேதான் உன் அலுவலகத்துப் பெண்ணிடம் அப்படிப் பேசினேன். குழந்தை வராமல் இருக்கத்தான் பேசினேன். போதுமா? இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

மேசையில் மூன்று கோப்பை ஏன் என்று வந்ததிலிருந்து யோசிக்கிறாய். மூன்றாவது மாரிட்டுக்கு. இன்று எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்று அவள் போனில் செய்தி விட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை, வேலையில் இருப்பாள். இவ்வளவு உண்மையைத் தனக்காக ஒருத்தி சொன்னாள் என்று தெரிந்தால் அவள் மனம் இளகாமல் போகாது. பிஸ்கட்டின் கால் வளைந்தது வளைந்ததுதான், இனி நிமிராது. அதைப் பார்த்துக்கொள்ளப் பழகிய கை வேண்டும். அவள் இரவு வேலைக்குப் போனால் ஜூனிக்கும் ஒரு வீடு வேண்டும். இரண்டு பேருமே இங்கே இருக்கலாம். அவன் தொட்டியில் விளக்கை அணைக்காமலே வைத்திருக்கிறேன். மேல் அறைக்கு மஞ்சள் திரைச்சீலை தைக்கத் துணிகூட எடுத்துவிட்டேன்.

கிளம்புகிறாயா? காப்பி அப்படியே இருக்கிறது. பரவாயில்லை, இந்த எலுமிச்சை கேக்கையாவது காகிதத்தில் மடித்துத் தருகிறேன், உன் மகனுக்கு. வாசலில் உன் பூட்ஸ் பக்கத்தில் ஒரு நீளப் பெட்டி வைத்திருக்கிறேன், அதுவும் அவனுக்குத்தான். வேண்டாம் என்று சொல்லாதே, புது டியூப். டுவேனின் கருவியெல்லாம் தேவையில்லை. மாட்டிப் பார், எவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்று உன் கண்ணுக்கே தெரியும். கிறிஸ்துமஸ் வாக்கில் அவன் ஓணான் கொஞ்சம் சோர்ந்தால் பயப்பட வேண்டாம், யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். நேராக என்னிடம் தூக்கிக்கொண்டு வா.

நீயும் உன் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், மகளே. உன் வீட்டு விளக்குகள் எல்லாம் என்றைக்கும் பளிச்சென்று எரியட்டும்.